தட்சிணசித்ராவில் அப்பத்தா தேடிய பின்வாசல்

செம்மண்காடு எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவை முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போனேன். அங்கே நடந்த ஒன்று நான்கு நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை. ஊர், வீடு, பழைய பொருள்கள் என்று அக்கறையோடு பேசுகிற நீங்கள் கேட்டால் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது. 10 ஏக்கர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்திலிருந்தும் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், மொத்தம் 18 வீடுகள். இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, அளந்து, படம் வரைந்து, கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, அந்தந்த ஊர்க் கொத்தனாரையும் தச்சரையும் வைத்தே மறுபடி எழுப்பியவை பல. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தின் வடிவமைப்பு லாரி பேக்கருடையது.

அப்பத்தாவுக்கு 81 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சென்னைக்கு வந்தால் கோயிலுக்குப் போவார், இல்லையென்றால் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். "நம் ஊர் வீடு மாதிரி ஒன்று இங்கே இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிப்போனேன்.

செட்டிநாட்டு வணிகர் வீட்டின் முன்னால் போய் நின்றோம். செதுக்கு வேலை செய்த கதவு, வழவழவென்று திண்ணைத் தூண்கள். நான் படி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பத்தா கீழேயே நிற்கிறார். முழங்கால் வலி என்று நினைத்துக் கை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை.

"பின்வாசல் எந்தப் பக்கம் அய்யா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். ஓடிப் போய் நிறுத்தினேன். அப்போதுதான் சொன்னார். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு மாவு இடிக்கப் போயிருக்கிறார். அரிசி மில் வந்த பிறகும் கல்யாணப் பலகாரத்துக்கு உலக்கை மாவுதான் வேண்டும் என்பார்களாம். அதிரசத்துக்கு ஊறப்போட்ட பச்சரிசி, முறுக்குக்கு வேறு, மாவுருண்டைக்கு வேறு. விடியற்காலையில் போனால் இருட்டும்போது திரும்புவார்களாம். அத்தனை வருடமும் அந்த வீட்டின் மூன்றாங்கட்டு, அதாவது பின்பக்க வேலைப் பகுதி, மட்டும்தான் அவருக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கே தெரியவில்லை.

நான் கெஞ்சிக் கேட்டு, கடைசியில் முன்படியில் ஏறினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். திண்ணையில் உட்காரச் சொன்னேன். ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தூணை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பத்து நிமிடமும் நான் பேசவில்லை.

பிறகு விவசாயி வீட்டுப் பக்கம் ஓர் உரலைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். உலக்கையை எடுத்து நுனியில் இருந்த இரும்புப் பூணைக் கட்டைவிரலால் தடவி, "இது தேயவே இல்லையே" என்றார். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது எதிரில் இருப்பவளின் மூச்சைக் கேட்டுத்தான் கை இறங்க வேண்டும், கண்ணால் பார்த்தால் பிசகிவிடும் என்று சொன்னார். சிந்திய மாவைக் காலால் தொடக்கூடாது, நெல்லென்றால் தள்ளலாம் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. நம் வீட்டுப் பெரியவர்களை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவர்கள் என்ன சொன்னார்கள்?

---

கீழத்தெரு எழுதியது:

படித்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். நீங்கள் சிறு பிள்ளையாக இருக்கும்போது எந்த வீட்டுக்கு எந்த வாசல் வழியாகப் போவீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

---

வைகைக்கரை எழுதியது:

செம்மண்காடு, உங்கள் அப்பத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழை இனி எந்தத் திசையில் போகும் என்று எனக்குத் தெரிகிறது. "அக்கிரகார வீட்டையும் செட்டிநாட்டு வீட்டையும் கும்பிடுகிற இடம்" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மண்பாண்டம் செய்கிற குடும்பம். என் தாத்தா சக்கரம் சுற்றிய வீடு இன்றைக்கு இல்லை. தட்சிணசித்ராவில் குயவர் வீடு இருக்கிறது. கூடை முடைகிறவர் வீடு இருக்கிறது. நெசவாளர் வீடு இருக்கிறது. அய்யனார் சன்னதியும் மண் குதிரையும் இருக்கின்றன. அந்தக் குதிரையைச் செய்தவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் ஊரில் எங்கள் தெரு ஊர்க்கோடியில் இருந்தது, சூளைப் புகை மற்றவர்கள் மேல் படக்கூடாது என்பதற்காக. இங்கே வணிகர் வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். எந்த ஊரில் இது நடந்தது? என் மகளைச் சக்கரத்தின் முன்னால் உட்காரவைத்து, "உன் கொள்ளுத்தாத்தா இதைத்தான் செய்தார்" என்று தலைநிமிர்ந்து சொல்ல எனக்கு வேறு எந்த இடம் கிடைத்தது? அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை.

---

வகுப்பறை எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நீங்கள் சொல்வதை மனதார ஏற்கிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை மூன்று முறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரும்பும்போது பஸ் முழுக்கச் சத்தம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பாடப்புத்தகத்தில் "முற்றம்" என்று ஒரு சொல்லை நான் விளக்கியபோது ஒருவனுக்கும் புரியவில்லை. அங்கே முற்றத்தில் நின்று மேலே வானத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, புயல் காற்று மோத மூலை இல்லை என்பதை எட்டாம் வகுப்புப் பையன் தானாகக் கண்டுபிடித்தான்.

ஆனால் இரண்டாவது முறை போனபோது ஒரு மாணவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "சார், இதில் எங்கள் வீடு எது?"

அவன் காலனியிலிருந்து வருகிறவன். அவனுடைய பாட்டனார் இருந்தது பனை ஓலை வேய்ந்த ஒற்றை அறைக் குடிசை. குனிந்துதான் உள்ளே போக முடியும். அந்தக் குடிசையைக் கட்டவும் ஒரு கைத்திறன் வேண்டும், ஓலையை எந்தப் பருவத்தில் வெட்டுவது, எப்படி அடுக்குவது என்று அவர்களுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அது இருபது வருடம் நிற்கிற கட்டடம் இல்லை. தேக்குத் தூண் நிற்கிறது, ஓலை மக்கிவிடுகிறது. எது நிற்கிறதோ அதைத்தானே பெயர்த்துக் கொண்டுவர முடியும்? இதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். மறுநாள் வகுப்பில் அவரவர் தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டை வரைந்துகொண்டு வரச் சொன்னேன். அவன் வரைந்ததில் வாசலில் ஓர் ஆட்டுக்குட்டியும், கூரையில் செருகிய அரிவாளும் இருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், மதிய வெயில் தாங்காது. வயதானவர்களுக்குப் படிகளும் உயரமான வாசற்படிகளும் தாழ்ந்த நிலைவாசல்களும் சிரமம், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நாஞ்சில் உளி எழுதியது:

பெயர்த்துக் கொண்டுவருவது பற்றிப் பேச்சு வந்ததால் தச்சு வேலை செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

கேரளப் பகுதியில் கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு இருக்கிறது. 1850ஆம் ஆண்டு வீடு, தேக்கும் பலாவும். அதைப் பார்க்கத்தான் நான் போனேன். சுவரே மரம். பலகைகளை ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் காடியில் இறக்கி நிறுத்தியிருப்பார்கள். உத்தரத்தின் நுனியைச் செதுக்கித் தூணின் துளையில் இறக்கி, குறுக்கே மர ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். இப்படிக் கட்டிய வீட்டில் ஆணியைத் தட்டி எடுத்தால் மொத்தமும் வரிசையாகக் கழன்று வரும். கழற்றும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட வேண்டும். ஒரு கைமரத்தின் எண் மாறிவிட்டால் கூரை முழுவதும் கோணிக்கொள்ளும்.

தமிழ்நாட்டுப் பக்கத்து வீடுகளுக்கு இது பொருந்தாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வண்டியில் ஏறாது. தூண், கதவு, நிலை, உத்தரம், ஓடு இவை வரும், சுவரைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். செட்டிநாட்டுப் பூச்சு என்றால் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு அரைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்க வேண்டும். அது தெரிந்த கை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படி ஓர் இடம் வேலை கொடுப்பதால்தான் அந்தக் கையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. எனக்கு அங்கே இருக்கிற வீடுகளை விட அது பெரிதாகத் தெரிகிறது.

செம்மண்காடு, உங்கள் அப்பத்தா தூணைத் தடவினார் என்று எழுதினீர்களே. நானும் தடவினேன். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

---

மூன்று தலைமுறை எழுதியது:

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் அந்த மாதிரிப் பெரிய செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளை. முன்வாசல் வழியாகப் போனவன்.

எங்கள் வீடும் தெருவுக்குத் தெரு நீண்ட வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை. கொள்ளுத்தாத்தா பர்மாவில் கொண்டுவிற்றுச் சம்பாதித்துக் கட்டியது. தேக்கும் அங்கிருந்து கப்பலில் வந்ததுதான். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அந்தப் பணம் அங்கேயே நின்றுவிட்டது. வீடு மட்டும் இங்கே நின்றது. நாங்கள் பங்காளிகள் இன்றைக்கு முப்பத்துச் சொச்சம் புள்ளி. ஓடு மாற்றக்கூட ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. ஒரு மழையில் முகப்புக் கூரை இறங்கியது. தூண்களும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போயின. எங்கள் நிலைக்கதவை ஒரு கடையின் சுவரில் சாத்திவைத்திருந்ததை நானே பார்த்தேன். அதில் செதுக்கிய கஜலட்சுமியின் ஒரு யானைக்குத் தும்பிக்கை நுனி உடைந்திருக்கும், சின்ன வயதில் நான் உடைத்தது. அதை வைத்து அடையாளம் கண்டேன். விலை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதனால் தட்சிணசித்ராவில் அந்த வீட்டைப் பார்க்கும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றாது. ஒரு வீடாவது முழுதாகத் தப்பியதே என்று மட்டும்தான் தோன்றும். இதுவரை அப்படித்தான் இருந்தது.

செம்மண்காடு, உங்கள் அப்பத்தா கேட்ட கேள்வியைப் படித்த பிறகு என் அப்பத்தாவை நினைத்துக்கொண்டேன். (நாங்களும் அப்பத்தா என்றுதான் அழைப்போம்.) எங்கள் வீட்டிலும் கல்யாணத்துக்கு மாவு இடிக்கப் பெண்கள் வருவார்கள். உலக்கைச் சத்தம் வளவு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கி எழுந்தேன். இடித்தவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு செய்தி. முகப்பு போனது, வளவு பாதி போனது. மூன்றாங்கட்டு அப்படியே நிற்கிறது. கிணறு இருக்கிறது, உரலும் அங்கேயே கிடக்கிறது. கடைக்காரர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

---

பனிக்காலம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தவள், ஒஸ்லோவில் வசிக்கிறேன். வகுப்பறை எழுதிய அந்த மாணவனின் கேள்விக்காகவே எழுதுகிறேன்.

இப்படி வீடுகளைப் பெயர்த்து வந்து ஓர் ஊர் போல வைக்கும் வழக்கம் இந்த வட ஐரோப்பிய நாடுகளில்தான் வேரூன்றியது. 1891இல் ஸ்டொக்ஹோமில் ஆர்த்தூர் ஹசேலியுஸ் ஸ்கான்சனைத் திறந்தார். ரயிலும் தொழிற்சாலையும் வந்து கிராமங்கள் மாறத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து ஒஸ்லோவில் நோர்வே மக்கள் அருங்காட்சியகம் உருவானது. இன்று அங்கே ஏறத்தாழ 160 கட்டடங்கள் நிற்கின்றன. கோல் என்ற ஊரிலிருந்து பெயர்த்து வந்த மரத்தேவாலயமும் அவற்றில் ஒன்று, சுமார் 800 ஆண்டுப் பழமை. புல் முளைத்த கூரை வீடுகளையும் தூண்மேல் தூக்கி நிறுத்திய தானியக் களஞ்சியங்களையும் எல்லோரும் படம் பிடிப்பார்கள்.

நான் படம் பிடித்தது வேறொன்று. நகரத்திலிருந்து ஓர் அடுக்குமாடி வீட்டையும் அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள், வெசல்ஸ் தெரு 15ஆம் எண் வீடு. உள்ளே ஒவ்வொரு குடியிருப்பும் ஒவ்வொரு காலம். அதில் ஒன்று, 2002ஆம் ஆண்டில் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் வீடு. வேலை தேடி வந்தவர்களின் வீடு! வரவேற்பறையையும் சமையலறையையும் அப்படியே அமைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதன் வாசலில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாநிறத் தோல்காரரின் குடியிருப்பும் இந்த நாட்டின் வரலாறுதான் என்று ஓர் அருங்காட்சியகம் முடிவெடுத்திருக்கிறது. ஆகவே அந்த மாணவனிடம் சொல்லுங்கள், அவன் கேட்டது சரியான கேள்வி. ஓலைக்குடிசை மக்கினால் மறுபடி கட்டலாம். கட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கட்ட வேண்டும்.

நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய எங்கள் நாற்சார் வீட்டை 1995 ஒக்டோபரில் பூட்டிவிட்டு வெளியேறினோம். திரும்பிப் போனபோது கிணற்றுக்கட்டும் நான்கு படிகளும் இருந்தன. அந்தப் படிகளில் ஏறி வெறும் புல்லுக்குள் இறங்கினேன்.

---

மலைமேல் வீடு எழுதியது:

பனிக்காலம் சொன்ன "மறுபடி கட்டலாம்" என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் போபாலில் இருந்தேன். அங்கே ஷியாமளா மலையில் 200 ஏக்கரில் இந்திரா காந்தி தேசிய மனித அருங்காட்சியகம். பழங்குடி மக்களையே அவரவர் ஊரிலிருந்து வரவழைத்து, அவரவர் பொருளைக் கொண்டு, அவரவர் முறைப்படி வீடுகளைக் கட்டவைத்தார்கள். மண் வீடுகளும் மூங்கில் வீடுகளும் புல்வேய்ந்த வீடுகளும்தான் அங்கே அதிகம், மாளிகைகள் இல்லை.

அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இது. ஆள் குடியிருக்கும் வீட்டில் தினமும் அடுப்பு எரியும். புகை கூரைக்குள் ஏறி மூங்கிலையும் புல்லையும் கறுப்பாக்கும். அந்தக் கரி படிந்தால் பூச்சி அண்டாது. அருங்காட்சியக வீட்டில் அடுப்பு எரிவதில்லை, அதனால் அதே கூரை சீக்கிரம் உளுத்துவிடும். இதைக் கேட்ட பிறகு எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையற்கட்டின் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

வகுப்பறை, அந்தப் பையன் வரைந்த படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? அவனுடைய தாத்தா பாட்டி இன்னும் இருக்கிறார்கள் என்றால், ஓலை வேயத் தெரிந்தவர்கள் என்றால், உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு குடிசை வேயச் சொல்லலாம். மூலப்பொருள் செலவை நான் ஏற்கிறேன். முன்பு நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

---

வகுப்பறை எழுதியது:

படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பாட்டி இருக்கிறார். நாளைக்கே போய்க் கேட்கிறேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

---

செம்மண்காடு எழுதியது:

எல்லோருடைய பதிலையும் நேற்று இரவு அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒஸ்லோ அக்கா எழுதியதில் படி ஏறிப் புல்லுக்குள் இறங்கிய இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். புகை பற்றிச் சொன்னதற்கு, "அது தெரிந்ததுதானே" என்று மட்டும் சொன்னார்.

மூன்று தலைமுறை, உங்களுடையதைப் படித்தபோது கண்ணைத் திறந்தார். உங்கள் ஊர் எது என்று கேட்டார். எழுதவில்லையே என்றேன். எந்த ஊராக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து வரிசையாகக் கேட்டார். கிணறு உரலுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? உரல் குழி அடியில் விரிசல் இருக்கிறதா? உலக்கை மூலையில் நிற்கிறதா, அதையும் யாராவது எடுத்துப் போய்விட்டார்களா? உங்களுக்கு முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

மாவு இடித்தவர்களின் முகம் நினைவில்லாததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கும் பதில் சொன்னார். அந்த வீட்டில் ஆச்சி ஒருவர் மத்தியானம் மோர் கொண்டுவந்து கொடுப்பாராம், அவருடைய கால் மெட்டி மட்டும்தான் அப்பத்தாவுக்கு நினைவிருக்கிறதாம். குனிந்து இடிப்பவர்களுக்கு அதுதான் தெரியும் என்றார்.

இந்தக் கேள்வி பதில்களை எல்லாம் போனில் பதிவு செய்து வருகிறேன். மாவுக்கு அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்தப் பதத்தில் சல்லடையில் போடுவது, கூலியாக என்ன கொடுத்தார்கள் என்பது வரை நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. இன்னும் கல்யாணப் பாட்டுகள் வரவில்லை.

படுக்கப் போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார், உங்களிடம் சொல்லச் சொன்னார். ஐப்பசி மழை வருகிறது. உரலில் தண்ணீர் நிற்கவிடக் கூடாதாம். பழைய முறம் ஏதாவது இருந்தால் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள்.